மயில் காலடிப் புள்ளி

இளம்பிள்ளை,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

ஜெஸ்ஸிக்கு,

உன் தகப்பன் லாசர் எழுதுவது. நானும் உன் அம்மா தெரசம்மாளும் இறைவன் அருளால் நலம். உன் நலத்தை அவள் போனில் கேட்டுக்கொள்வதால் நான் தனியாகக் கேட்கவில்லை. இதைப் புனேயில் உள்ள உன் கம்பெனி விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஏனென்றால் இது குடும்பக் கடிதம் அல்ல. டிசைன் போடும் சாப்ட்வேர் விற்கும் உங்கள் கம்பெனியிலிருந்து வாராவாரம் மெயில் பெறும் ஒரு சேலை டிசைனர், அந்த மெயிலை எழுதுகிறவருக்கு அனுப்பும் புகார்.

விஷயம் இதுதான். போன வாரம் வந்த மெயிலில், நான் நெடுநாளாக எதுவும் வாங்கவில்லை என்றும், இந்த மாதத்தோடு என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகவும் எழுதியிருந்தது. தொடர வேண்டுமானால் கீழே உள்ள பட்டனை அழுத்த வேண்டுமாம். பட்டனில் ‘ஆம், எனக்கு வாங்க ஆர்வம் உண்டு’ என்று இருக்கிறது. எனக்கு ஆர்வம் இல்லை. அதனால் அழுத்த மாட்டேன். என் பெயரையும் எடுக்கக் கூடாது. அது கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது, ஜெஸ்ஸிக்கே தெரிந்திருக்காது என்கிறாள் உன் அம்மா. அதனால்தான் உனக்குத் தெரிவிக்கிறேன்.

நான் ஏன் வாங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். என் பழைய கம்ப்யூட்டரும் பழைய சாப்ட்வேரும் நன்றாகவே ஓடுகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமல், கட்டக் காகிதத்தில் வரைந்து வரைந்து, பிறகு நானாகவே மவுஸைப் பிடித்துக் கற்றுக்கொண்ட தொழில் இது. இன்றைக்கும் இந்த ஊரில் கரை டிசைன் என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டபத்தில் நீ நடத்திய கூட்டத்தையும் நான் மறக்கவில்லை. சேலம், ராசிபுரம் டிசைனர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பூவேலை முடிந்து அதே பூவேலை மறுபடி தொடங்கும் இடத்தில், சேலையில் ஒரு கோடு விழும். டிசைனை நேராக வெட்டாமல் கொடியின் வளைவிலேயே வெட்டினால் கோடு தெரியாது. அது நான் எத்தனையோ சேலைகளைப் பாழாக்கிக் கண்டுபிடித்தது. நீ அதைத் திரையில் போட்டு, ஒரு மூத்த டிசைனர் செய்யும் முறை என்றாய். பேர் சொல்லவில்லை. நான் எழுந்தேன்.

“ஏம்மா, ஊட்டுச் சோத்தை எடுத்தாந்து ஊருக்கே பந்தி வெக்கிறயா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

“இவங்கெல்லாம் தொழில் தெரிஞ்சவங்கப்பா. இவங்ககிட்ட விளம்பரம் எடுபடாதுங்க. பிரயோசனமா ஒண்ணு சொன்னாத்தான் காது குடுப்பாங்க” என்றாய். ஒலிபெருக்கி உன் கையில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

வெளியே வந்து, இனி என் வீட்டு வாசலில் உன் கால் படக் கூடாது என்றேன். நீயும் படவிடவில்லை. சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்குகிறவன் அல்ல. ஆனால் நான் சொன்னது காலைப் பற்றி. மெயிலைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நீ கவனிக்க வேண்டும்.

இங்கே மழை இல்லை. தறிக்காரர் சண்முகவேல் புதிதாக இரண்டு தறி இறக்கியிருக்கிறார். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இது உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கண் கட்டை அவிழ்த்த பிறகு சண்முகவேலுக்கு ஒரு சேலைக்கு நிறம் எடுத்துக்கொடுத்தேன். நெய்து முடித்ததும் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “ஏனுங்க லாசரு, நாங் கேட்டது எலுமிச்சங்காய்ங்க. நீங்க நல்லாப் பழுத்த மாம்பழத்தையில்ல குடுத்திருக்கறீங்க?” என்றார். சாயக்காரன் தப்பு என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சாயக்காரன்மேல் எனக்கு இப்போதும் முழு நம்பிக்கை இல்லை.

அதற்கு அடுத்த வாரம் உன் மெயில் வந்தது. புரை எடுத்த கண்ணுக்கு மஞ்சள் வெளுத்துத் தெரியும், அதனால் கை தானாகவே அழுத்தமான மஞ்சளைத் தேடும், கொஞ்ச காலத்துக்குக் கண்ணை நம்பாமல் நூல் அட்டையின் நிற எண்ணைப் பார்த்து எடுங்கள் என்று எழுதியிருந்தாய். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வெள்ளைத் துணியைப் பாருங்கள் என்றும் இருந்தது. பார்த்தேன். இடது கண்ணுக்கு என் வேட்டி டீயில் நனைத்தது போல இருந்தது. வலது கண்ணுக்குச் சொட்டு நீலம் போட்டது போல இருந்தது. இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதில் உன் அம்மா பயந்துவிட்டாள்.

எதிர்த் தெருவில் டிசைன் போடும் அனிதாவுக்கும் அதே மெயில் வந்திருக்கிறது. “இந்த வாரம் என்னத்துக்குங்க கண்ணாஸ்பத்திரி சமாச்சாரம்? எனக்கெல்லாம் இப்பத்தானுங்க முப்பது ஆகுது. இதை யாருக்குன்னு எழுதறாங்களோ!” என்று என்னிடமே கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டாவது புகார். அந்த மெயிலில் மாதிரிக்கு ஒரு மயில் கரையைப் போட்டிருந்தாய். என் டிசைனை எவனாவது திருடினால் கண்டுபிடிப்பதற்காக, மயிலின் காலடியில் தேவையில்லாத ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். திருடுகிறவன் அதையும் சேர்த்தே திருடுவான். அந்தப் புள்ளி உன் படத்தில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அனிதாவுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆனால் நீ தப்பாக வைத்திருக்கிறாய். நான் வைப்பது இடது காலடியில். நீ வைத்திருப்பது வலது காலடியில். ஏன் இப்படி என்று யோசித்தேன். சேலைக்கு இரண்டு கரை. ஒரு கரையில் உள்ள மயிலைத் திருப்பித்தான் மறுகரையில் போடுவோம். அங்கே புள்ளி வலது காலுக்கு வந்துவிடும். என் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரு கரைதான், அதிலிருந்து எடுத்திருந்தால் இந்தத் தப்பு வராது. நீ நெய்த சேலையைப் பார்த்து வரைந்திருக்கிறாய். அந்த மயில் கரையில், நீ காலேஜ் முடித்தபோது உனக்கென்று நெய்ததைத் தவிர வேறு சேலை நான் போடவில்லை. அதை நீ இன்னும் வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான். அதைப் பற்றி வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

உன் சாப்ட்வேரை நான் வாங்கப் போவதில்லை. விற்பனைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். கம்ப்யூட்டர் யாரை எடுத்தாலும், என் பெயரை நீ உன் கையால் திரும்பச் சேர்த்துவிடு. அடுத்து மயில் போடும்போது புள்ளியை இடது காலடியில் வை. சரியாக வைத்திருக்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும். இடது கண்ணுக்கும் அடுத்த மாதம் புரை எடுக்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அ. லாசர்,
சேலை டிசைனர்.