வெறும் கண்ணால் எண்ணியது

பரவைக்கழி குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு, 2074
பதிவு: சுகிர்தா, கணக்கெடுப்பாளர்

பிப்ரவரி 11, காலை 6:40. முகாம் 1

ஆறாயிரம் பூநாரைகள் மேயும் இடத்தில் ஏன் ஒரு சத்தமும் கேட்கவில்லை? எனக்குத் தெரியவில்லை. வாயு முகமூடி காதையும் சேர்த்து மூடுகிறது. காற்று கடல் பக்கம் அடிக்கிறது. தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்றைய எண்ணிக்கை: பூநாரை 6,214. ஆலா 380. கேமரா எண்ணியது, திரையில் சரிபார்த்தேன்.

கேமராவின் பதிவு நேரே அலுவலகத்துக்குப் போகிறது. இந்தத் தாள் குறிப்பேடு என்னுடையது. யார் கையில் கிடைக்குமோ தெரியாததால் அடிப்படையை எழுதிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த உப்பங்கழியின் சேற்றில் ஆலைக் கழிவு கலந்தது. காற்று விழும் காலைகளில் சேற்றிலிருந்து வாயு கிளம்பும். தாழைத்திட்டு என்ற தீவில் ஒரே காலையில் அறுபது பேர் இறந்தார்கள். மிச்சப் பேரைக் கரையில் தகரக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். வாயுமானிகள் இந்த உப்பில் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. அதனால் ஒரு விதி வகுத்தார்கள். பூநாரை சேற்றுக்குள் அலகை விட்டு மேய்வது. மனிதனுக்கு முன் அதுதான் சாகும். ஐயாயிரத்துக்கு மேல் பூநாரைகள் தொடர்ந்து மூன்று குளிர்காலம் தங்கினால் ஊர் திரும்பலாம். இது மூன்றாவது குளிர்காலம். எண்ணிக்கை குறையாவிட்டால் 15ஆம் தேதி படகுகள் கிளம்பும்.

எனக்கும் ஒரு விதி உண்டு. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நெருங்கக் கூடாது, பறவைகள் கலைந்துவிடும். ஒருமுறைகூட மீறியதில்லை.

7:15. கரை நிலையத்திலிருந்து கில்பர்ட்: "மேடம், உங்க பூநாரைக்கெல்லாம் ஓட்டு இருந்துச்சுன்னா எங்க பஞ்சாயத்து இந்நேரம் அதுங்க கையிலதான். ஆறாயிரமா? ஊர்ல இனிப்பு குடுத்துக்கிட்டு இருக்காங்க."

கில்பர்ட் தாழைத்திட்டுக்காரர். நிலையத்தில் ரேடியோ பார்க்கிறார். என் கேமராவில் உள்ள அதே அமைப்பு கொண்ட ஒரு தூரக்கண்ணாடி அங்கே இருக்கிறது. தினமும் அதில் தன் வீட்டைப் பார்ப்பார்.

"நீலக் கதவு அப்படியே நிக்கிது மேடம். ஃபிலோமினாகிட்ட சொன்னா, கதவு நிக்கும், நீ நிப்பியாங்குறா."

போன ஆண்டு படகில் அந்தப் பக்கம் போனபோது எந்த வீட்டிலும் கதவைப் பார்த்த நினைவு இல்லை. வேறு தெருவைப் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 12, மாலை 5:50. முகாம் 2

பதினொரு கிலோமீட்டர் நடந்தேன். உப்பு மூட்டம். வெறும் கண்ணுக்கு வெள்ளைதான். லென்ஸ் வழியாக மட்டும் பறவைகள்: 6,198.

ஒவ்வொரு முகாமிலும் எனக்கென்று ஒரு படம் எடுப்பேன். பறவை இல்லாத நிலக்காட்சி. இன்று பட்டுப்போன அலையாத்தி மரங்கள், நடுவில் சூரியன் இறங்கும் இடைவெளி. அந்த வெறுமைக்காகவே இருபது நிமிடம் நின்று எடுத்தேன். திரையில் பார்த்தால் இடைவெளியில் ஆலாக்கள் வரிசையாகப் பறக்கின்றன. எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை.

நான் கவனிக்காமல் விடுகிறவள் அல்ல.

பிப்ரவரி 13, காலை 10:20. முகாம் 3

படம் 412. பூநாரை ஒன்று, இடது காலில் மஞ்சள் வளையம். பெரிதாக்கினேன். கே 27.

கே 27க்கு வளையம் மாட்டியவள் நான், 2062இல். ஆறு ஆண்டுகளுக்கு முன் அது செத்துக் கிடந்தபோது வளையத்தைக் கழற்றியவளும் நான். அந்த வளையம் என் பையின் ஜிப்பில் தொங்குகிறது. இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய படங்களைத் தேடினேன். 2063 ஜனவரி, இதே திசையில் நான் எடுத்தது. அதே பறவை, தூக்கிய அதே கால், காலடியில் அதே நீர்வளையங்கள்.

மூட்டத்தில் மங்கியதைப் பழைய படங்களின் துணையோடு தெளிவாக்கும் வசதி இந்தக் கேமராவில் உண்டு. கையேட்டில் படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 13, பிற்பகல் 2:45

ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்து கடந்தேன். பறவைகள் நிற்கும் இடத்துக்கே போனேன்.

சேறு. கால்தடம் இல்லை. எச்சம் இல்லை. இறகு இல்லை. பழைய எலும்புகள், உப்பு பூத்தவை. கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. இறக்கினேன். ஒன்றுமில்லை.

லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். 711 பறவைகள்.

கடைசிப் பறவை எந்தக் குளிர்காலத்தில் போனது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

பிப்ரவரி 13, மாலை 5:10

அறிக்கை அனுப்பினேன். பூநாரை: பூஜ்யம். ஊர் திரும்புவதை நிறுத்தவும். படம் இணைக்காமல் அறிக்கையை அலுவலகக் கணினி ஏற்காது. வெற்றுச் சேற்றைப் படமெடுத்து இணைத்தேன். பதில் உடனே வந்தது, ஆள் எழுதியதல்ல.

"எண்ணிக்கையும் படமும் பொருந்தவில்லை. படத்தின்படி திருத்தப்பட்டது: 6,203. நன்றி."

வெறுமையைப் படமெடுக்க இந்தக் கேமராவால் முடியாது. என்னிடம் வேறு கேமரா இல்லை.

பிப்ரவரி 14, காலை 8:00

கில்பர்ட்டிடம் சொன்னேன்.

"மேடம், உங்க படம் இப்பதான் வந்துச்சு. என் முன்னாடியே இருக்கு. ஆறாயிரத்து இருநூத்து மூணு. வெயில்ல கண்ணு கூசுதா உங்களுக்கு?"

நடந்து போய்ப் பார்த்ததைச் சொன்னேன். வளையத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஒம்போது வருசம் மேடம். எம்மவ தகரத்துக்குக் கீழதான் பொறந்தா. இப்பப் போயி இதச் சொன்னா என்னைய அடிப்பாங்க. சரி, ஆபீசுக்குப் பேசுறேன். பேசிட்டுக் கூப்புடுறேன். நீங்க எங்கயும் போவாதீங்க."

ஊர்ப் படகுகள் நாளை காலை கிளம்புகின்றன. இங்கிருந்து தாழைத்திட்டுக்குச் சேற்றில் ஒன்பது கிலோமீட்டர். உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் அலுவலகத்திடம் பேசுவதாகச் சொன்னார். காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, மாலை 5:20

கில்பர்ட்: "பேசிட்டேன் மேடம். படத்துல இருக்கே, அப்புறம் என்னங்குறாங்க. உங்கள லீவு எடுக்கச் சொல்றாங்க. ஊருலயும் சொல்லிப் பாத்தேன். மெத்தப் படிச்சவங்களுக்கு ஒண்ணு இருந்தாலும் சந்தேகம், இல்லாட்டியும் சந்தேகம்னு சிரிக்கிறாங்க."

"நீங்க நம்புறீங்களா, கில்பர்ட்?"

"தெரியல மேடம். ஆனா ஃபிலோமினா சட்டி பானையெல்லாம் ஏத்திட்டா. பெருக்கி வைக்கணும்னு புள்ளையோட முதல் படகுல போறா. நான் ரெண்டாவதுல. காலையில நிலையத்துல ஆளு இருக்காது. கைரேடியோவ எடுத்துட்டு வாரேன், கிட்ட வந்தா பேசலாம்."

அதன் பிறகு இணைப்பு இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். இருட்டில் இந்தச் சேற்றில் இறங்கினால் போய்ச் சேரமாட்டேன். ஒரு முழுப் பகலை உட்கார்ந்து கழித்திருக்கிறேன். முகமூடியின் வடிகட்டி ஆறு மணி நேரம் வரும். விடியலில் புறப்படுவேன். நான் போய்ச் சேரும்வரை காற்று நிற்காமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, பகல் 11:30. இரண்டாம் படகில்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

5:55க்குப் புறப்பட்டேன். கேமராவை முகாமிலேயே விட்டேன். காற்றின் திசை பார்க்கத் தோளில் ஒரு துணி நாடா கட்டியிருந்தேன். 7:40 வரை அது கடல் பக்கம் பறந்தது. 7:40க்குத் தொங்கியது. பிறகு அசையவில்லை. ஓடப் பார்த்தேன். சேற்றில் ஓட முடியாது.

8:50. தாழைத்திட்டு. முதல் படகை மணலில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சாமான்கள் பாதி இறங்கியிருந்தன. கரையை ஒட்டியே கில்பர்ட் சொன்ன வீட்டை அடையாளம் கண்டேன். நிலைச்சட்டத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கதவு இல்லை. வாசல் பாதி பெருக்கியிருந்தது. குப்பையை ஓரமாகக் குவித்திருந்தார்கள். துடைப்பம் புதுசு.

விழுந்து கிடந்த ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்க்காமல் யாரையும் கணக்கில் சேர்க்கவில்லை.

9:05. இரண்டாம் படகு, சுமார் நானூறு மீட்டரில். பின்னால் இன்னும் நான்கு. கில்பர்ட் ரேடியோவில் வந்தார்.

"மேடம், நீங்களா அது கரையில? எண்ணுனது போதும், கஞ்சி குடிக்கிற வேலையப் பாப்போம்."

"கில்பர்ட், எஞ்சின நிறுத்துங்க. யாரும் கரையேறக் கூடாது. வாயு கிளம்பிருச்சு."

"என்ன மேடம் நீங்க. நிலையத்துக் கண்ணாடி எங்கிட்டதான இருக்கு. பாத்துக்கிட்டேதான வாரேன். ஃபிலோமினா கதவுல சாஞ்சு நிக்கிறா. புள்ள பக்கத்துல. கையாட்டுது மேடம்."

நான் அந்த வாசலில்தான் நின்றிருந்தேன். யாரும் நிற்கவில்லை.

"கண்ணாடிய எறக்குங்க. வெறும் கண்ணால பாருங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. படகின் முன்பக்கம் நின்ற உருவத்தின் கைகள் முகத்திலிருந்து மெல்ல இறங்கின.

9:09. எஞ்சின் நின்றது. பின்னால் வந்த நான்கும் நின்றன. நூற்று இருபத்தாறு பேர்.

பிறகு தண்ணீரின் மேல் ஒரு குரல் வந்தது. ரேடியோவில் அல்ல. முகமூடியைத் தாண்டியே கேட்டது. மூன்று குளிர்காலங்களில் இந்தக் கழியில் நான் கேட்ட முதல் சத்தம் அது.

படகை நெருங்கவிடாமல் நானே கழுத்தளவு நீரில் இறங்கிப் போனேன். கில்பர்ட் என்னைக் கை கொடுத்துத் தூக்கினார். இந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தாழைத்திட்டு: பெரியவர்கள் 13. குழந்தைகள் 6. மொத்தம் 19.

வெறும் கண்ணால் எண்ணியது. படம் எடுக்கவில்லை.