தலைகீழாய் நட்ட வரிசை

இவருக்கு எப்படி மனசு வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் அக்கா வருது. அதுக்குள்ள அந்தப் பூண்டுப் பாத்தியைப் பிடுங்கிடு. பார்த்தா அழும். என்னாலயும் பார்க்க முடியல," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குழந்தை இறந்த பிறகு அவர் கொல்லைப்பக்கம் காலெடுத்து வைத்ததில்லை.

வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"சோறும் பருப்பும் மேடையில இருக்கு. சுட வச்சுக்கங்க, அடுப்பை மறந்துட்டு உட்கார்ந்துடாதீங்க. இன்னொரு சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. அக்காவுக்கு நம்ம அறையைக் கொடுங்க, படியேற வேண்டாம்.

பூண்டு இன்னும் முத்தல. கீழ் இலை காயணும்னு நீங்கதானே சொல்வீங்க. ஓரத்து வரிசை பாப்பா நட்டது. கூர்முனை மேல இருக்கணும்னு எவ்வளவு சொன்னீங்க. 'மண்ணைக் குத்திட்டுப் போக வேண்டாமாப்பா?'ன்னு உங்களையே மடக்கிட்டு, எல்லாப் பல்லையும் தலைகீழா வச்சா. நீங்க திருத்தப் போனீங்க, நான்தான் விடுங்கன்னேன். முளைச்சதைப் பார்க்கத்தான் அவ இல்ல. கழுத்து வளைஞ்சு, சுத்திக்கிட்டு வந்துச்சுங்க. ஆனா ஒண்ணு விடாம வந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

கவரில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்:

"பால் வாங்கிடுங்க. அக்கா அழுதா அழட்டும், நீங்களும் கூட உட்கார்ந்து அழுங்க. நான் பிடுங்கலைங்க."