ஐந்தாவது புதன்கிழமை

இன்று காலை ஒரு மாணவி ஓ.டி. கடிதத்தை என் மேசையில் வைத்தாள். வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை போடச் சொல்லும் அதே கடிதம்தான். 'காரணம்' என்ற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவள் போனதும் கடலூரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் இந்த அறையைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

சிதம்பரத்தில் நமக்கு ஒரே ஹாஸ்டல் அறை. தூக்கம் வராமல், சோறு இறங்காமல் நீ இளைத்துக்கொண்டே போனபோது, கவுன்சிலிங் மேடத்திடம் உன்னை இழுத்துக்கொண்டு போனதே நான்தான். புதன்தோறும் இரண்டு மணிக்கு. மூன்று வாரம் கழித்து, "அவுங்ககிட்ட அழுதா கேவலமா இல்லடி" என்றாய். அன்று தோசையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனால் புதன் மதியம் லேப். உனக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துவிடுமே என்று எனக்குக் கவலை. நான்தான் வகுப்புப் பிரதிநிதி என்ற மிதப்பு வேறு. நாலாவது புதன், சார் உன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "ஓ.டி. சார், கவுன்சிலிங் போயிருக்கா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பேசாமல் கடிதத்தை நீட்டியிருந்தால் போதும்.

அன்று மெஸ் வரிசையில் ஒருத்தி உன்னிடம், "இன்னாடி, மெண்டலா நீ?" என்று கேட்டாள். நீ தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அடுத்த புதன் நீ லேபில் நின்றாய்.

"ஏன்டி போவல?"

"அங்க கூட்டம் ஜாஸ்திடி. இப்ப நல்லாதான இருக்கேன்."

நம்பினேன். உள்ளதைச் சொன்னால், சந்தோஷமே பட்டேன். இனி அட்டெண்டன்ஸ் குறையாது என்று உன்னிடமே சொன்னேன். நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ அங்கே போகவே இல்லை.

செமஸ்டர் லீவுக்கு உன் ஊரான கிள்ளைக்குப் போன நீ, உன் உயிரை முடித்துக்கொண்டாய். உன் வீட்டு வாசலுக்கு மேடமும் வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "நாலு தடவ ஒழுங்கா வந்தா. அப்புறம் வரவே இல்லம்மா. நான் எதனா தப்பா பேசிட்டனா? ஏன் நின்னுட்டான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்" என்றேன்.

நான் அன்று லேபில் சொன்னது ஒன்றே உன்னைக் கொண்டுபோகவில்லை என்று பலர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால், தான் பேசியதில்தான் பிழை என்று அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை.