“ஏ புள்ள”

14.10.86, செவ்வாய்

முந்திரி மண்டி முதலாளி வீட்டு டிவிக்கு ஆன்டெனா மாட்டிவிட்டுக் கீழே வந்தேன். பழைய நாவல் ஒன்றை நாடகமாகப் போடுகிறார்கள். நாவலில் ஒரே வரியோடு போய்விடும் வேலைக்காரிதான் இதில் கதாநாயகி. அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் என் அம்மாவும் கதவோரம் உட்கார்ந்து பார்த்தாள்.

டிவியில் ஜமீன்தார் மனைவி, “ஏ புள்ள!” என்று கூப்பிட்டாள்.

“தோ வந்துட்டேங்க” என்று அம்மா எழுந்துவிட்டாள்.

வீடே சிரித்தது. “உன்னைய இல்லடி, டிவில!” என்றாள் முதலாளியம்மா. நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படம் சுத்தமாக விழுந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வரும் வழியில், “இனி அங்க வேலைக்குப் போவாத” என்றேன். அம்மா காதில் வாங்கவில்லை.

“கூப்பிட்டும் டிவில அந்த வேலைக்காரி எந்திரிக்கவே இல்லடா, பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்.”

படுத்த பிறகும் அதையே கேட்கிறாள்.