வெள்ளைக் காகிதமா, பழுப்புக் காகிதமா

ஆரணி
22.11.1999

என் செல்ல மகள் ரேணுகாவுக்கு அம்மா தெய்வநாயகி ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சதீஷும் அமெரிக்கக் குளிருக்கு நல்ல போர்வையாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சமாதானமாகி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை கண்ணகி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் நெஞ்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து ஓடாது என்பது உனக்குத் தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்ல கண்ணகி எழுதுகிறாள். அப்பா தறி ரூமில் படுத்த பிறகு சமையல்கட்டில் சின்ன பல்பை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், இந்தப் பெண்ணுக்குக் கை நடுங்குகிறது. (அக்கா, இது நான் கண்ணகி. நடுங்காமல் என்ன செய்யும்? நீ அப்பா பேச்சை மீறி சதீஷ் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, இனிமேல் அவளுக்குக் கடிதம் போடுகிறவர்கள் அந்தக் கடிதத்தோடேயே போய்விடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பத்தாவது பரீட்சை இருக்கிறது, நான் எங்கே போவேன்? மடியில் அறிவியல் நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். அப்பாவின் இருமல் சத்தம் கேட்டால் கடிதத்தை அதற்குள் தள்ளிவிடுவேன்.)

முதலில் நீ அனுப்பிய பார்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது, ஆனாலும் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சு வலித்து வேலூருக்கு ஓடியதை எதிர்வீட்டு ஜெயம் அக்காவின் போனில் உன்னிடம் சொன்னேன். கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, எண்ணெய் நெய்யைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், இந்த மனுஷன் ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிப்பதையும் சொல்லி அழுதேன். நீ அதை மனதில் வைத்துக்கொண்டு, காபித்தூளில் ஓர் எண்ணெய் இருக்கிறது, நம் பித்தளை ஃபில்டரின் ஓட்டையில் அது இறங்கிவிடும், காகிதத்தில் வடித்தால் காகிதம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டு, மூன்று தினுசு காகிதமும் ஒரு பிளாஸ்டிக் கூம்பும் வாங்கி, மாப்பிள்ளையின் சிநேகிதர் கையில் கொடுத்து அனுப்பினாய். இரண்டு வருஷமாக உன் பெயரை வாயில் எடுக்காத மனுஷனின் நெஞ்சுக்காக இவ்வளவு செய்தாய். அதை அந்தச் சிநேகிதரிடம் வாங்க நான் கண்ணமங்கலம் போகும்போது அப்பாவிடம் ஒரு துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். பொய்க்கு உடனே தண்டனை கிடைத்தது. துக்கத்துக்குப் போய்வந்தவள் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழையலாமா? கொட்டுகிற மழையில் தோட்டத்துப் பக்கமாக வந்து இரண்டு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன், கண்ணகி பார்சலைப் பாவாடையில் மறைத்து உள்ளே கொண்டுபோனாள். மூன்று நாள் ஜலதோஷம். அப்பா வேறு, செத்தது யார் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எந்தக் காகிதம் நன்றாக இருக்கிறதோ சொல்லுங்கள், அதையே நிறைய அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளைக் கூம்புக் காகிதத்தில் முதல் நாள் நம் வழக்கமான தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் அது அப்படியே குட்டை மாதிரி நிற்கிறது. சிக்கரி காகிதத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிட்டது, ஒரு டம்ளர் டிகாஷன் இறங்க அரை மணி நேரம். தறியில் இருந்துகொண்டு உங்கப்பா, "இன்னாடி, காப்பி கேட்டா கிணறு வெட்டிகினு கீறியா?" என்று கத்துகிறார். மறுநாள் காபிக்கடையில் போய்ச் சிக்கரியைப் பாதியாகக் குறைத்துக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, வூட்ல காப்பி போடப் போறீங்களா, உப்புமா கிண்டப் போறீங்களா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதன் பிறகு பத்து நிமிஷத்தில் இறங்கியது, கசடு ஒரு துளி இல்லை, டம்ளரின் அடி தெரிகிறது. என்ன, டிகாஷன் கொஞ்சம் தண்ணியாக இருக்கும், ஒரு கரண்டி தூள் கூடப் போட வேண்டும். இரண்டு தடவை காகிதத்தின் ஒட்டிய ஓரம் விட்டுப்போய்த் தூள் முழுக்கக் கீழே கொட்டிவிட்டது, அப்புறம் ஓரத்தை மடித்து வைக்கப் பழகிக்கொண்டேன். பழுப்புக் காகிதம் கெட்டி, ஒரு நாளும் கிழியவில்லை, ஆனால் காபியில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. உங்கப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "அரிசி மூட்டைய ஊற வச்சி கொடுத்தியா? பேஜாரா கீது" என்று டம்ளரை வைத்துவிட்டார். வெறும் வெந்நீரை ஊற்றி ஒரு முறை அலசிவிட்டுத் தூள் போட வேண்டும் என்று நீ கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாயாம், இந்த மகராசி பக்கத்தைத் திருப்பவே இல்லை. (அவசரத்தில் படித்தேன் அக்கா.) அலசிப் போட்டால் வாசனை முக்கால்வாசி போய்விடுகிறது. இருந்தாலும் என்னைக் கேட்டால் வெள்ளைதான். கழுவிக் காயவைத்து இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை, அடைத்துக்கொள்கிறது. அதனால் தூளோடு சேர்த்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுவிடுகிறேன், செடி நன்றாகத் தழைத்திருக்கிறது.

மூன்றாவது தினுசு, அந்த வட்டமான வெள்ளைக் காகிதம், ஓரமெல்லாம் சுருக்கம் வைத்தது, அது எந்தப் பாத்திரத்திலும் நிற்கவில்லை, வெந்நீர் ஊற்றினால் உள்ளே சுருண்டு விழுந்துவிடுகிறது. உபயோகமில்லை என்றாலும் உன் காசு போட்டு வாங்கியது, எறிய மனம் வரவில்லை. அப்பா கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்று பார்த்தேன். நெய்து அறுத்த புடவையை மடிக்கும்போது ஜரிகையோடு ஜரிகை உரசாமல் நடுவில் வெள்ளைக் காகிதம் வைப்போமே, அந்தக் கட்டு தறி ரூம் பலகையில் இருக்கிறது, அதற்கு அடியில் சொருகிவிட்டேன். காகிதத்தோடு காகிதமாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று என் புத்திசாலித்தனம்! போன வாரம் மேலே இருந்த கட்டு தீர்ந்துவிட்டது. உங்கப்பா கையை விட்டு அடியில் இருந்ததை எடுத்திருக்கிறார், மெல்லிசாக வழவழவென்று இருக்கவே சந்தோஷமாக மூன்று கல்யாணப் புடவைகளுக்கும் மடிப்புக்கு மடிப்பு வைத்து முதலாளி கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். முதலாளி மகன் சிங்கப்பூரில் இருந்து வந்தவன், புடவையைப் பிரித்ததும் இது காபி வடிக்கிற காகிதம் என்று சொல்லிச் சிரித்தானாம். கடையில் பத்துப் பேர் இருக்க முதலாளி, "இன்னா அருணாச்சலம், அமெரிக்காவுல கீற பொண்ணு காப்பி வடிகட்ட பேப்பர் அனுப்பினா, நீ அத்த புடவைக்கு வச்சி என் தலைல கட்டுற?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று அவர் வந்த வேகத்தில் செருப்போடேயே சமையல்கட்டு வரை வந்துவிட்டார். ஒரு காகிதத்தை என் முகத்துக்கு நேராக நீட்டி இது எப்படி வந்தது என்றார். நான் ஏதோ பொய் தேடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பெண், "அக்காதாம்பா அனுப்பிச்சிது, உங்க நெஞ்சுக்காக" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். (வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை அக்கா.) அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அப்ப ஒரு மாசமா நான் குடிச்சது?" என்று மட்டும் கேட்டார். காகிதத்தில் வடித்ததுதாங்க என்றேன். அதிலிருந்து காபி குடிப்பதையே நிறுத்திவிட்டார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் தறியில் நூல் கோத்த நாடா ஓடவில்லை, இழை அறுந்துகொண்டே இருக்கிறது, மழையால் பாவு நூலில் ஈரம் ஏறிவிட்டது என்று மழையைத் திட்டுகிறார். மூன்றாம் நாள் விடியற்காலம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "தல வெடிக்குது. ஜல்தியா ஒரு காப்பி போடு" என்றார். எதில் போடட்டுங்க, பித்தளை ஃபில்டரிலா காகிதத்திலா என்று வேண்டுமென்றே கேட்டேன். "ஒரு மாசமா என்ன கேட்டுகினா போட்ட?" என்றார். நான் அவர் கண்ணெதிரிலேயே கூம்பை எடுத்து வைத்துக் காகிதத்தைப் போட்டு வடித்தேன். பார்த்துக்கொண்டே நின்றார், வாங்கிக் குடித்தார், டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும், வெள்ளையும் பழுப்புமாக மாறி மாறி, காகிதக் காபிதான். ஆனால் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பேச்செடுக்கவில்லை, எடுத்தால் இதுவும் கெட்டுவிடுமோ என்று பயம்.

நேற்று வேலூரில் மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். முன்னைக்கு இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, இப்படியே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். நெய்யை நிறுத்தியதாலா, மாத்திரையாலா, உன் காகிதத்தாலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நான் உன் கணக்கிலேயே வைத்துக்கொண்டேன். ரேணுகாம்பாள் கோயிலில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஓர் அர்ச்சனை செய்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், பார்சலைக் கட்டிய கயிற்றின் முடிச்சு அவர் போட்டதுதான் என்று எழுதியிருந்தாய், அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று, பொறுப்பான பிள்ளைதான். இனிமேல் அனுப்புவதானால் வெள்ளைக் கூம்புக் காகிதம் மட்டும் அனுப்பு, பழுப்பு வேண்டாம், அந்த வட்டக் காகிதம் வேண்டவே வேண்டாம். வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே, ஜெயம் அக்கா வீட்டு விலாசத்துக்கு

அக்கா, இது நான் கண்ணகி. மேலே பாதியில் நின்றிருக்கிறது பார், அம்மா விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தறி ரூமில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. நான் கடிதத்தை நோட்டுக்குள் தள்ளப் போய் நோட்டே கீழே விழுந்துவிட்டது. அப்பா எழுந்து வரவில்லை. இருட்டில் படுத்தபடியே, "பழுப்புதான் நல்லா கீது. வெள்ளைல வடிச்சா கலர் தண்ணி கணக்கா வருது. உங்கம்மா பேச்ச கேட்டு தப்பா எழுதாத" என்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. அம்மா மெதுவாக, பழுப்பில் வாசனை வருதுன்னீங்களே என்றாள். "அலசினா வராது" என்றார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் பேனாவை எடுத்தேன். அப்போது, "ஜெயம் வூட்டு அட்ரஸ் எதுக்கு? நம்ம வூட்டுக்கு இன்னா, கதவு நம்பர் இல்லியா?" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள், அதனால் இதையெல்லாம் நானாகவே எழுதுகிறேன். "பெரிய லைட்ட போட்டுகினு எழுது, கண்ணு கெட்டுடப் போவுது" என்று இப்போதுதான் சொன்னார். போட்டுவிட்டேன். இப்போது எழுத்து கொஞ்சம் நேராக வருகிறது பார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. பழுப்பும் கொஞ்சம் அனுப்பு.

பிள்ளைகள் நினைப்பாகவே இருக்கும்
உன் அம்மா தெய்வநாயகி
(எழுதியது கண்ணகி)

பார்சல் அனுப்ப வேண்டிய விலாசம்:
கோ. அருணாச்சலம்,
கதவு எண் 17, பெரிய கிணற்றுத் தெரு,
ஆரணி.