லெம்பி வாசித்த வாக்கியங்கள்

அஸ்டோரியா, ஆரிகன்
3 நவம்பர் 1991

மகன் ஆர்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. கூரை ஒழுகவில்லை, நானும் எங்கும் வழுக்கி விழவில்லை. நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. நான் அனுப்பிய இரண்டு கேசட்டுகளையும் உங்கள் ஆய்வகத்து இயந்திரத்தில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். கடல் அலையின் ஓசைக்கு அடியில் மனிதக் குரல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். மூன்று நாள் செலவிட்டதற்கு நன்றி. முடிவை நான் ஏற்கவில்லை.

குரல் உள்ளே இருக்கிறது. புகையை விடவும் தூங்கவும் உதவும் என்று நான் செய்து விற்ற கேசட்டுகள் அவை, குரலை வைத்தவனும் நான். சமையலறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, உன் அம்மா லெம்பியை மேசை முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் நாற்பது தடவை வாசிக்கச் செய்தேன். 'நான் அமைதியாக இருக்கிறேன்.' 'எனக்குச் சிகரெட் தேவையில்லை.' 'எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.' இப்படிப்பட்ட வாக்கியங்கள். "யார் காதுக்கும் கேக்காதுங்கற. அப்புறம் நான் எதுக்கு, எய்னோ, தொண்டை வறளப் படிக்கணும்? வாயை மட்டும் அசைச்சா பத்தாதா?" என்று கேட்டாள். காது தவறவிடுவதை மனம் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "உன் மனசுக்கு நானும் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணும் ஏறக் காணோம்" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரேடியோவைக் கப்பற்படையில் கேட்டும் பிரித்தும் கற்றேன். இருந்தும் என் கேசட்டைச் சோதித்து நீங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு நான்கு முறை படித்தேன். பாதிப் பேருக்கு என் கேசட், மீதிப் பேருக்கு வெறும் அலையோசை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு கூட்டமும் சிகரெட்டைக் கொஞ்சம் குறைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, ஆகவே கேசட் வேலை செய்யவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். குறைத்தார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்றும் நீங்களே எழுதினால் எப்படி? எனக்கு நன்றி சொல்லி வந்த கடிதங்கள் இருநூறுக்கு மேல் அலமாரியில் இருக்கின்றன. அவர்களெல்லாம் பொய்யர்களா?

என் பெயரைக்கூட நீங்கள் போடவில்லை. 'தயாரிப்பு நான்கு' என்று இருந்தது. உன் அம்மாவின் குரலை நான்காம் எண்ணாக்கிய தாளில், எழுதியவர்கள் வரிசையில் உன் பெயர் மூன்றாவதாக இருந்தது. அன்றிலிருந்து உன்னோடு பேசாமல் இருந்தவன் நான்தான். மறுக்கவில்லை. "அவன் சொல்றது சரியா இருந்தா என்ன, நீ சொல்றது சரியா இருந்தா என்ன? ஒரு போன் போட்டுப் பேசினா குறைஞ்சா போயிடுவீங்க ரெண்டு பேரும்?" என்று உன் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டாள். மார்ச்சில் நீ அவள் அடக்கத்துக்கு வந்தபோதும், வழியில் மழையா என்று கேட்டேன், காப்பி ஊற்றினேன், அவ்வளவுதான்.

போன கடிதத்தில் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் செய்த கேசட்டுகளில் குரல் இவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹில்மா தூக்கத்துக்கென்று ஒன்று வாங்கிப் போனாள். நாலாம் நாள் வாசலில் வந்து நின்றாள். "கடல் சத்தம்னு சொல்லிக் கொடுத்தியே, எய்னோ. விடிய விடிய உன் பொண்டாட்டி என் காதுல முணுமுணுங்கறா. என் புருஷன் முணுமுணுக்கறது எனக்குப் போதாதா?" என்றாள். உன் அம்மா மாவுக் கையோடு நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு சிலரும் அப்படியே எழுதினார்கள். நான் குரலைக் குறைத்தேன். பிறகும் குறைத்தேன். மூன்றாவது தடவை குறைத்தபோது ஒலி அளவுமானியின் முள் அசையவே இல்லை. அதுதான் சரியான அளவு என்று நினைத்தேன். பழைய கேசட்டுகளைத் திருப்பி வாங்கி, அவற்றின் மேலேயே புதியதைப் பதிந்து அனுப்பினேன். அவள் வாசித்த மூல நாடாக்களையும் அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். வாசித்தவள் அடுத்த அறையில்தானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

வாசிக்கும்போது நடுவில் இருமுவாள். இருமலையெல்லாம் பிளேடால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இப்போது அந்த இருமல் கிடைத்தாலும் போதும்.

இன்னொன்று. சிகரெட் கேசட்டை அவளும் தினமும் படுக்கும்போது போட்டுக் கேட்டாள். ரொம்பக் குறைந்துவிட்டதாகச் சொன்னாள், நான் தேதி போட்டு எழுதிவைத்தேன். போன மாதம் சானா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு எடுக்கப் போனேன். அடுக்குக்குப் பின்னால் காலி சிகரெட் பெட்டிகள் முப்பதுக்குமேல் கிடந்தன. எல்லாம் அவளுடைய கடைசி வருடத்தவை. இதை உன் பேராசிரியரிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடக் கேசட்டுகளில் ஏழெட்டு திரும்பி வரவே இல்லை. உங்கள் ஆய்வுக்குப் பொதுமக்களிடமிருந்தும் பழைய கேசட்டுகளை வாங்கியதாகக் கட்டுரையில் இருக்கிறது. அவை உங்கள் அலமாரியில்தான் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார். அப்போது நான் லேபிள் அச்சடிக்கவில்லை, உன் அம்மாதான் நீல மையால் எழுதினாள். அவள் கையெழுத்து உனக்குத் தெரியும்.

கிடைத்தால் தபாலில் அனுப்பாதே. ஈரத்தில் நாடா கெட்டுவிடும். மலைப்பாதையைப் பனி மூடுவதற்குள் நீயே காரில் கொண்டு வா. மூன்று நாள் ஓட்டம் என்று தெரியும். எனக்கு இடது காது போய்விட்டது, வலதும் பாதிதான். அதைவிட, இப்போதெல்லாம் தண்ணீர் கொதித்தாலும் எனக்கு அவள் பேசுவதுபோல் இருக்கிறது. என் காதை நான் நம்பத் தயாராக இல்லை. ஆகவே உங்கள் முறைப்படியே செய்வோம். நீ சமையலறையில் உட்கார், நான் கூடத்தில் உட்காருகிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. குரல் கேட்கும்போதெல்லாம் நீ உன் தாளில் நிமிடமும் நொடியும் குறி, நான் என் தாளில் குறிக்கிறேன். முடிந்ததும் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒத்துப்போகும் இடமெல்லாம் உன் அம்மா.

உன் கட்டுரையை நான் இன்னும் ஏற்கவில்லை. அது வேறு.

உன் காதுகள் கடைசிவரை நன்றாக இருக்கட்டும்.

அப்பா,
எய்னோ லாத்தி