அப்துல் காதருக்கு அப்புறம்

விரோதிகிருது வருஷம், ஆடி 5, புதன்

புழுக்கம். சாயங்காலம் திருப்பாச்சூர் பக்கம் மின்னல் மட்டும். மழை இல்லை.

நாளை ஆடி அமாவாசை. கறுப்பு எள் புடைத்தாச்சு. தர்ப்பை இரண்டு கட்டு. சின்னச் செம்பு ஓட்டை, பற்றவைக்கக் கொடுக்கணும் என்று போன அமா.விலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய். பத்மா தேய்த்துவிட்டாள், கூடவே அர்ச்சனையும். குளத்து ஜலத்தில் நாள் பூரா நின்று அடுத்தவாளுக்குத் தர்ப்பணம் பண்ணிவைக்கிற வேலை இந்த வயசில் தேவையா என்று. வேறே என்ன வேலை தெரியும் எனக்கு.

அவள் தம்பி ரங்கன் பொன்னேரியிலிருந்து வந்திருக்கான். ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். கையில் கோணிப்பை. கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடி வருகிறவாளுக்குப் பழைய துணி சேர்க்கிறானாம். என் வேஷ்டி ஒன்று போச்சு. நல்ல வேஷ்டி.

ஆடி 6, வியாழன்

விடியறதுக்கு முன்னாலேயே குளம் பூராத் தலை. ஊத்துக்கோட்டை பஸ், மெட்ராஸ் ரயில், எல்லாம் நம் படித்துறையிலேயே கொட்டினாப்போல. தொண்டை போச்சு. அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர். பாதிப் பேருக்குக் கொள்ளுத்தாத்தா பேர் தெரியாது. கோத்திரமும் தெரியாது. தெரியாதவாளுக்கெல்லாம் காசியபம். ஓட்டைச் செம்பு வேறே இடுப்பு வேஷ்டியை நனைத்துவிட்டது.

உச்சி வேளையில் ஒரு ஆள். மாணிக்கம் என்று பேர். கும்மிடிப்பூண்டி பர்மா அகதி முகாம். ஐம்பது வயசிருக்கும். இருமல். அங்கே புதுசாக வருகிற இரும்புக் கம்பெனியில் காவல் வேலையாம். அப்பா அம்மாவுக்கு எள்ளும் ஜலமும் விட்டான். முடிந்தது, எழுந்திரு என்றேன். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேரு கீறாங்க சாமி" என்று கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தான். பெரியசாமி. காளி. மூக்கன். அப்துல் காதர்.

நிறுத்து என்றேன். துலுக்கப் பேருக்கு எள்ளா? யார் இவாளெல்லாம், பங்காளியா, மாமன் மச்சானா? ஒருத்தரும் சொந்தமில்லையாம். யுத்த சமயத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட, மலேயாத் தோட்டத்திலிருந்து இவனையும் அவாளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனானாம். எல்லோரும் ஒரே கொட்டகை. காலரா, பட்டினி, அடி. செத்தவாளுக்குக் குழி வெட்டினது இவன். இவன் மட்டும் தப்பித்துப் பர்மா பக்கம் ஒதுங்கி, கல்யாணம் பண்ணி, அப்புறம் அங்கிருந்தும் விரட்டிக் கப்பலில் வந்து சேர்ந்தவன்.

பின்னால் ஒரு குடும்பம் நேரமாச்சு நேரமாச்சு என்று என் முதுகைச் சுரண்டுகிறது. சாஸ்திரத்தைச் சொன்னேன். அமா.வில் பெற்றவா வழி மட்டும்தான். சிநேகிதனுக்கு, கூட இருந்தவனுக்கு எல்லாம் மஹாளயத்தில்தான் விடலாம். புரட்டாசியில் மஹாளய அமாவாசைக்கு வா, எத்தனை பேர் வேணுமானாலும் சொல்லு. இப்போதைக்கு, கடைசியில் நாதியில்லாதவாளுக்கு என்று பொதுவாக ஒரு ஜலம் விடுவோமே, அதில் எல்லோரும் அடக்கம் என்றேன்.

"பொதுவா வேணாம் சாமி. அங்கயும் பொதுவாத்தான் போட்டோம்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். நான் அடுத்த குடும்பத்துக்குக் காசியபம் போட ஆரம்பித்தேன்.

ராத்திரிக்கு மோர் மட்டும்.

ஆடி 9, ஞாயிறு

வெயில். கால் வீக்கம் வடியவில்லை.

ரங்கனிடம் அந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். உடனே பையிலிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்தான். அதே சயாம் ரயில் ரோடு. அதில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல்லறை. வரிசை வரிசையாய்க் கல், ஒவ்வொன்றிலும் பேர், நடுவில் பூச்செடி. புல் வெட்டவே ஆள் வைத்திருக்கிறார்கள்போல. நம்மவாளுக்கு எங்கே என்றேன். நம்மவாதான் அங்கே அதிகம் செத்தது, ஆனால் இதில் ஒரு வரிகூட இல்லை அத்திம்பேர் என்றான்.

அப்புறம் பாடம் நடத்தினான். ஜெர்மன்காரன் யூதாளைக் கொன்றதை உலகமே பேசுகிறதே, ஏன்? அவன் தோற்றான், கோர்ட்டில் நிறுத்தினார்கள், போட்டோ இருக்கிறது, பிழைத்தவர்கள் விடாமல் எழுதினார்கள், இப்போது அவர்களுக்கென்று ஒரு தேசமே இருக்கிறது. வங்காளத்தை இன்றைக்கு நாம் பேசுகிறோம், ஏனென்றால் கொல்கிறவன் நமக்கு ஆகாதவன், ஓடி வருகிறவன் நம் வாசலில் நிற்கிறான். ஒரு ஜாதி ஜனத்தையே அழிக்கிறதுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னான், எனக்கு வாயில் நிற்கவில்லை. சயாம் அதில் சேராதாம். கொல்லணும் என்று கொன்றால் ஒரு கணக்கு, வேலை வாங்கிச் சாக விட்டால் வேறே கணக்கு.

பத்மா கீரை ஆய்ந்துகொண்டே, "ஆக, பேசறதுக்கு ஒரு ஆள் இருக்கணும், கேக்கறவனுக்கும் அதுல ஏதாவது ஆதாயம் இருக்கணும். அவ்வளவுதானேடா?" என்றாள். ரங்கன், அவ்வளவு சுலபம் இல்லைக்கா என்று முனகினான்.

பத்திரிகைப் பக்கத்தை நான் கிழித்து வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு சண்டை.

ஆவணி 4, வெள்ளி

அமா. கூட்டம் குறைவு. தூறல். செம்பு இன்னும் ஓட்டை.

மாணிக்கம் வந்தான். பெற்றவாளுக்கு மட்டும் விட்டான், வேறே பேர் எடுக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற மனுஷன். பத்திரிகைப் பக்கத்தைக் காட்டினேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினான். ரொம்ப நேரம் பார்த்தான். கல்லறை வரிசையில் விரலை வைத்து ஓரத்துக்குக் கொண்டுபோனான். காகிதம் முடிந்தும் விரல் நிற்கவில்லை, படிக்கல்லின் மேல் வந்து நின்றது. இங்கே மூங்கில் காடு, நம் ஆட்கள் இங்கே என்றான்.

ரங்கன் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். வேறே கணக்கு என்றதையும் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"வெள்ளக்காரனுக்கு ஆபீசரு இருந்தான் சாமி. எவன் செத்தான்னு எழுதி வெச்சிக்கினான். எங்களுக்கு கங்காணி. அவன் தல எண்ணுவான், அவ்ளோதான். கொறஞ்சா இன்னொரு லாரி வரும்."

அவன் முகாமுக்கும் வங்காளத்துக்குத் துணி கேட்டு வந்தார்களாம். அகதியிடமே அகதிக்குத் துணி. கொடுத்தாயா என்றேன். ஒரு சட்டை கொடுத்தானாம், பாவம் அவங்களும் ஊட்ட வுட்டு வந்தவங்கதானே என்றான். இவன் கதையைக் கேட்ட துணிக்காரர்கள் ஐயோ பாவம் என்றார்களாம், மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

வீட்டில் அந்தப் பேர்களைச் சொன்னதே இல்லையாம். பெண்சாதி இருந்தவரைக்கும் பர்மாவில் பட்டதை நினைத்தே அழுவாளாம், இதை வேறே எதற்கு என்று விட்டுவிட்டானாம். காவல் கொட்டாயில் தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறானாம். இப்போது ஒன்று இரண்டு வழுக்குகிறதாம், அப்பால வந்துடுது என்றான். மஹாளயத்தில் ஒட்டுமொத்தமாக விட்டுவிட்டால் அவனுக்கு இறக்கி வைத்த மாதிரி இருக்குமாம்.

இப்போது ஒரு தரம் சொல்லேன், கேட்கிறேன் என்று வாய்வரை வந்தது. மேல்படியிலிருந்து யாரோ சாமி சாமி என்றார்கள். போய்விட்டேன்.

ஆவணி 22, செவ்வாய்

மஹாளய பட்சம் ஆரம்பம். தினமும் குளம், தினமும் ஈர வேஷ்டி. ஜுரம் மாதிரி இருக்கு. கஷாயம். பத்மா பேசுகிறதை நிறுத்திவிட்டாள், அது இன்னும் பயமாக இருக்கு.

எள் விலை ஏறிவிட்டது. செம்பைப் பற்றவைத்தாச்சு, ஒரு வழியாக.

நேற்று ஒருத்தர், சித்தப்பாவுக்கு விடும்போது பேர் மறந்து முழித்தார். பெண்சாதி கரையிலிருந்து கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். மாணிக்கம் ஞாபகம் வந்தது.

புரட்டாசி 3, ஞாயிறு. மஹாளய அமா.

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் தாண்டி மாணிக்கம் வந்தான். தானாக நடந்து இல்லை. ஒரு பெண் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். மகள் செல்வி. பதினெட்டு, இருபது இருக்கும். பத்து நாள் முந்தி காவல் கொட்டாயிலேயே விழுந்துவிட்டானாம். வலது பக்கம் விளங்கவில்லை. வாய் கோணியிருக்கு. பேச்சு இல்லை. ஆனால் ஆள் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணி.

படியில் உட்கார வைத்தோம். இடது கையால் விடக்கூடாது. வலது கையை மகள் தூக்கிப் பிடித்தாள், நான் விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டேன். பெற்றவாளுக்கு விட்டாச்சு. இனி சிநேகிதர்கள், சொல்லு மாணிக்கம் என்றேன். வாயைத் திறந்தான். ஒரு சத்தம். பேர் இல்லை. திரும்பவும் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

நான் சொன்னேன். பெரியசாமி. ஜலம். காளி. ஜலம். மூக்கன். ஜலம். ஒவ்வொன்றுக்கும் அவன் தலை அசைந்தது. அப்துல் காதர் என்றேன். எள்ளோடுதான் விட்டேன். அவனுக்குக் கோணின வாயிலும் ஒரு சிரிப்பு.

அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பேருக்கு.

எனக்கு அடுத்த பேர் தெரியாது. மகளைப் பார்த்தேன், உனக்குத் தெரியுமா அம்மா என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் சாமி? ஆடி அமாவாசைக்கு வந்துட்டுப் போய் அப்பாதான் சொல்லிச்சு. அய்யருகிட்ட ஆரம்பிச்சு வெச்சிட்டேன், இனிமே எனக்கு ஒண்ணு ஆனாலும் அவரு பாத்துப்பாருன்னு."

பெருமாளே.

பொது ஜலத்தைத்தான் விட்டேன். தாயில்லாதவா, தகப்பனில்லாதவா, பேரும் கோத்திரமும் தெரியாதவா எல்லோருக்கும். அவன் வேண்டாம் என்று சொன்ன அதே பொது ஜலம். முடிந்தது என்று பவித்திரத்தைக் கழற்றப் போனேன். விரலை மடக்கிக்கொண்டான். விளங்காத கையில் எங்கிருந்து அந்தப் பிடி வந்தது தெரியவில்லை. முடிஞ்சிடுச்சுப்பா, வா, பஸ்ஸு பூடும் என்று மகள் கெஞ்சினாள். பவித்திரத்தோடேயே கூட்டிக்கொண்டு போனாள்.

பத்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் வெந்நீர் வைத்தாள். அழுதேன். இந்த வயசில் படித்துறைக்கு வந்த ஒருத்தனுக்காக அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்.

புரட்டாசி 4, திங்கள்

மழை. கால் வலி அதிகம். ரங்கன் வந்து துணி மூட்டையை ரயிலேற்றிவிட்டுப் போனான்.

பெரியசாமி. காளி. மூக்கன். அப்துல் காதர்.

படித்துறைக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்தார். மூன்று பேருக்கு விட்டார். இன்னும் யாராவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கோ, அவசரமே இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.